நடுங்கும் கையும் நிலைகொள்ளாத பிள்ளையும்: 'கட்டுப்பாடும் ஒருங்கிணைப்பும்' பாடத்துக்கு ஒரு துணைக் கட்டுரை

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'கட்டுப்பாடும் ஒருங்கிணைப்பும்' பாடத்தை நடத்தாத அறிவியல் ஆசிரியர் இருக்க முடியாது. முன்மூளை சிந்திக்கிறது, சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது, முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்கிறது என்று படம் வரைந்து பாகம் குறித்துவிட்டால் பாடம் முடிந்துவிடும். பென்சிலை எடுப்பது, மிதிவண்டி ஓட்டுவது எல்லாம் சிறுமூளையின் உதவியால் என்று பாடநூல் சொல்கிறது. அது சரிதான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு இதில் விடை இல்லை.

"டீச்சர், எங்க தாத்தா சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்குது. டீ டம்ளரை எடுத்தா நடுக்கம் நின்னுடுது. மூளைதான் கைக்குக் கட்டளை கொடுக்குதுன்னு சொன்னீங்க. சும்மா இருக்கிற கைக்கு யார் கட்டளை கொடுக்கிறது?"

மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை தேடிப் போனவள், நரம்பியல் அறுவையின் வரலாற்றுக்குள் வெகுதூரம் போய்விட்டேன். அந்த வரலாற்றில் ஒரு பெரிய பகுதி நம் பக்கத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நடந்தது. அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று மற்றவர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் நிறையவே இருக்கிறது.

அடக்குவதும் மூளையின் வேலைதான்

முதல் வகுப்புப் பிள்ளைகள் எழுதும்போது கவனித்திருப்பீர்கள். வலக்கை 'அ' எழுதும். இடக்கை விரல்களும் சேர்ந்து அசையும். நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் இது மெல்லக் குறைந்துவிடுகிறது. பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டது மட்டுமா காரணம்? தேவையில்லாத அசைவை அடக்கவும் அதன் மூளை கற்றுக்கொண்டது. ஓர் அசைவைச் செய்வது பாதி வேலை. மற்ற அசைவுகளைத் தடுத்து நிறுத்துவது மீதி வேலை.

பெருமூளையின் அடியில், ஆழத்தில், சில நரம்புமுடிச்சுகள் கூட்டமாக இருக்கின்றன. இவற்றை அடித்தள நரம்புமுடிச்சுகள் என்பர். எந்த அசைவை விடுவது, எதைப் பிடித்து வைப்பது என்று பார்த்துக்கொள்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வண்டியின் பிரேக்கைப் போல இவை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் ஒன்றைச் செய்ய நினைக்கும்போது, அந்த ஒன்றுக்கு மட்டும் பிடி தளரும். இந்தப் பிடியைச் சீராக வைத்திருக்க டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். நடுமூளையில் கரிய நிறத்தில் தெரியும் ஒரு சிறு திட்டில் உள்ள செல்கள் அதைச் சுரக்கின்றன. அந்தச் செல்கள் ஏறத்தாழப் பாதி அழிந்த பிறகுதான் வெளியே அறிகுறி தெரியத் தொடங்கும். பிடி இறுகிப்போகும். நடை சிறுத்து, முகம் உணர்ச்சியற்றதாகி, கையெழுத்து வரவரச் சின்னதாகும். ஆழத்தில் உள்ள முடிச்சுகளும் தலாமஸும் வெவ்வேறாகப் பேசுவதை விட்டு ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கும். நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடும் அந்த நடுக்கம், கை ஓய்ந்திருக்கும்போதே தெரியும். தாத்தாவின் கைக்கு யாரும் கட்டளை கொடுக்கவில்லை. அடங்கியிருக்க வேண்டிய ஒரு தாளம் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

டம்ளரை எடுக்கும்போதுதான் நடுங்குகிறது, சும்மா இருந்தால் இல்லை என்றால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் நோய் அன்று. மாணவர்கள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டிக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டிவிடக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சேப்பாக்கத்தில் ஒரு விதை

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதினார். நம் மருத்துவ மரபில் இதை ஒத்த நிலைக்கு நடுக்குவாதம், கம்பவாதம் என்ற பெயர்கள் உண்டு. ஆயுர்வேதத்தில் அதற்குப் பயன்பட்ட மூலிகைகளுள் ஒன்று பூனைக்காலி விதை. காயின் மேல் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்த செடி.

இந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. டோபமைன் மூளையில் செய்யும் வேலையை ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் எல்-டோபாவை அதிக அளவில் கொடுத்து, அசையாமல் கிடந்தவர்களை நடக்க வைத்தார். இன்றும் முதன்மையான மருந்து அதுதான். (பூனைக்காலியைத் தாமாகவே இடித்துக் கொடுக்கலாமா என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். கூடாது. விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அளவு மிகுந்துவிடும்.)

மருந்துக்கும் எல்லை உண்டு. சில ஆண்டுகள் போனால் ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே உடல் உறைந்துபோகும். மாத்திரை வேலை செய்யும் நேரத்திலோ கைகால்கள் தாமாக நெளியும். அறுவை பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது.

எக்ஸ், ஒய், இசட்

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலைவு வடிவியல் நடத்தும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு தருகிறேன். மூளையின் ஆழத்தில், ஒரு பயறு அளவுள்ள முடிச்சை, மண்டையைப் பெரிதாகத் திறக்காமல், மேலே உள்ள பகுதிகளைச் சிதைக்காமல் எப்படி அடைவது? தலையில் ஓர் உலோகச் சட்டகத்தைப் பொருத்தினால், மூளையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய், இசட் என மூன்று எண்கள் கிடைத்துவிடும். விலங்குகளில் இதை 1908இல் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் செய்தனர். மனிதருக்கு 1947இல் ஸ்பீகலும் வைசிஸும் செய்தனர். ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்பது இதுதான். டெக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் அச்சுகள் மண்டைக்குள் போன கதை.

இன்று ஸ்கேன் படத்தைக் கணினியில் வைத்துக் குறி பார்க்கிறார்கள். 1950, 60களில் சி.டி.யும் கிடையாது, எம்.ஆர்.ஐ.யும் கிடையாது. எக்ஸ்-கதிரில் மூளை தெரியாது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி, அந்த அறையின் நிழலை எக்ஸ்-கதிரில் எடுத்து, அங்கே தெரியும் இரண்டு அடையாளப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் பின்னால், இத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டில் என்று அளவுகோலால் கணக்கிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினால் பேச்சு போகலாம், பார்வை போகலாம்.

இந்த வேலையைச் சென்னையில் செய்தார்கள். சீர்காழியில் 1922இல் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்பு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று நாம் சொல்லும் அந்த இடத்தில், ராமமூர்த்தியுடன் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் டி.எஸ். கனகாவும் சேர்ந்துகொண்டார்கள்.

கனகாவைப் பற்றி மாணவிகளுக்குச் சொல்லுங்கள். 1932இல் சென்னையில் பிறந்தவர். 1962 சீனப் போரின்போது ராணுவ மருத்துவப் பணிக்குப் போனவர். 1968இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆனார். அந்தக் காலத்தில் உலகம் முழுவதிலுமே இத்துறையில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் கைகால் இறுக்கத்தைத் தளர்த்தும் அறுவைகளில் அவருக்குத் தனி ஈடுபாடு. 1975இல், மூளையின் ஆழத்தில் மின்முனையைப் பதித்து அங்கேயே விட்டுவைத்துத் தூண்டும் முறையை இந்தியாவில் முதலில் செய்தவராக அவர் குறிப்பிடப்படுகிறார். நூறு முறைக்கு மேல் ரத்ததானம் செய்தவரும்கூட. 2018 நவம்பரில் காலமானார். நம் பாடநூல்களில் இன்னும் இடம் பிடிக்காத பெயர். வகுப்பறையில் நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

சுடுவதற்குப் பதில் தூண்டுவது

அந்தக் கால அறுவை என்பது, கோளாறு செய்யும் இடத்தில் ஊசி போன்ற மின்முனையை இறக்கிச் சூடாக்கி, ஒரு சிறு புள்ளியை அழிப்பது. நடுக்கம் நிற்கும். ஆனால் அழித்ததைத் திருப்ப முடியாது. இரண்டு பக்கமும் செய்தால் பேச்சு குழறும் ஆபத்தும் அதிகம்.

பிரான்சில், ஆல்ப்ஸ் மலையடிவார நகரமான கிரெனோபிளில், அலிம் லூயி பெனாபிட் என்ற மருத்துவர் 1987இல் இதை மாற்றினார். அழிப்பதற்கு முன், இடம் சரிதானா என்று பார்க்க மின்முனை வழியாக லேசாகத் தூண்டிப் பார்ப்பது எல்லாரும் செய்துவந்த வழக்கம். குறைந்த அதிர்வெண்ணில் தூண்டினால் நடுக்கம் கூடலாம். நொடிக்கு நூறு முறையை ஒட்டித் தூண்டினாலோ நடுக்கம் சட்டென்று நின்றுவிடுவதை அவர் கவனித்தார். தூண்டலை நிறுத்தினால் நடுக்கம் திரும்பிவிடும். அப்படியானால் எதற்காகச் சுட வேண்டும்? தூண்டிக்கொண்டே இருந்தால் போதுமே! கம்பியை மூளையிலேயே விட்டு, இதயத்துக்குப் பயன்படும் பேஸ்மேக்கர் போன்ற கருவியோடு இணைத்தார். மின்முனையைப் பதித்துத் தூண்டும் முயற்சிகள் சென்னையிலும் வேறு நாடுகளிலும் அதற்கு முன்பே நடந்திருந்தாலும், அழித்தலுக்கு மாற்றாக அதை உலகெங்கும் பரப்பியது கிரெனோபிளின் பணிதான். பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திட்டப்பணியாகக் கொடுக்க நல்ல பெயர் பெனாபிட்.

எந்த முடிச்சைத் தூண்டுவது என்ற கேள்விக்கு விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. 1982இல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் எடுத்த சில இளைஞர்கள் ஒரே இரவில் சிலைபோல உறைந்துபோனார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த அந்தப் பொருளில் கலந்திருந்த ஒரு நச்சு, டோபமைன் செல்களைக் கொன்றிருந்தது. அந்த நச்சைக் கொண்டு குரங்குகளில் ஆராய்ந்த மாலன் டெலாங்கின் குழு, தலாமஸுக்கு அடியில் உள்ள ஒரு சிறு முடிச்சு மிகையாகத் துடிப்பதையும், அதை அடக்கினால் உடல் இளகுவதையும் 1990இல் காட்டியது. இன்று பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கம்பி போவது அந்த முடிச்சுக்குத்தான். போதைப்பொருள் விழிப்புணர்வு வகுப்பிலும் இந்தக் கதை பயன்படும்.

கம்பியின் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர். கருவி காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும். தூண்டல் பெரும்பாலும் நொடிக்கு 130 முறை. அறுவையின்போது பலரை விழித்திருக்க வைப்பார்கள். மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது என்பதால் இது முடிகிறது. தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். நோயாளியைச் சுருள்கோடு வரையச் சொல்வார்கள். தூண்டலுக்கு முன் கோடு பல்பல்லாக இருக்கும், தூண்டியதும் வழவழப்பாகும். 2017இல் பெங்களூருவில், விரல்கள் மடங்கிக்கொண்டு கிட்டார் வாசிக்க முடியாமல்போன ஓர் இளைஞருக்கு, அறுவை மேசையிலேயே கிட்டாரை வாசிக்கச் சொல்லி அறுவை செய்தார்கள். அது தூண்டல் அறுவை அன்று. பழைய, சுடும் முறை. பழைய முறைக்கும் இன்னும் இடம் இருக்கிறது.

இது நோயைக் குணமாக்குவதில்லை. அறிகுறியைக் குறைக்கிறது, மாத்திரையைக் குறைக்கிறது. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம், கிருமித்தொற்று வரலாம், மின்கலம் தீர்ந்தால் மாற்ற வேண்டும். செலவு பல லட்சம். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் இது நடக்கிறது. நம் ஊரில் சந்தேகம் வந்தால் முதலில் ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது.

கரும்பலகையில் சிறுத்த எழுத்து

என்னோடு முன்பு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர். கரும்பலகையில் அவர் எழுதும் எண்கள் அச்சடித்ததுபோல இருக்கும். ஐம்பது வயதை நெருங்கும்போது எழுத்து சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் பெரிதாகத் தொடங்கி, முடிவில் கடைசி இருக்கை மாணவனுக்குத் தெரியாத அளவு ஆகிவிடும். வலக்கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். முகத்தில் சிரிப்பு குறைந்தது. சார் குடிக்கிறார் என்று ஊரில் பேச்சு. திமிர் பிடித்துவிட்டது, வணக்கம் சொன்னால் முகம் கொடுப்பதில்லை என்று சக ஆசிரியர்களே சிலர் சொன்னார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். அதற்குள் அவர் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தார். வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன் நாமே போய்விடலாம் என்ற எண்ணம்.

அனுப்ப முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் பட்டியலில் உள்ள 21 வகைகளுள் பார்க்கின்சன் நோயையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று பிரிவு 20 கூறுகிறது. தலைமையாசிரியர்களும் அலுவலக உதவியாளர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கேட்க வேண்டியவர் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்.

அவர் சில ஆண்டுகள் மருந்திலேயே ஓட்டினார். பிறகு அறுவைக்கு மருத்துவர்கள் யோசனை சொன்னபோது, ஓர் ஆசிரியருக்கே உரிய சிக்கல் முன்னால் வந்தது. தூண்டல் கையின் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் நன்றாகக் குறைக்கும். குரலுக்கு அவ்வளவாக உதவாது. சிலருக்குப் பேச்சு இன்னும் மங்கலாம். "கை வேணுமா, குரல் வேணுமான்னு கேட்கிற மாதிரி இருக்கும்மா" என்று என்னிடம் சொன்னார். கையைத் தேர்ந்தெடுத்தார். அறுவைக்குப் பின் எண்கள் மறுபடி பெரிதாயின. குரல் தாழ்ந்தேதான் இருந்தது. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கிப் பாடம் நடத்தி, வயது முதிர்ந்து முறைப்படி ஓய்வு பெற்றார்.

நிலைகொள்ளாத பிள்ளைகள்

இனிச் சொல்லப்போவது கடினமான பகுதி. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தே எழுதுகிறேன்.

மூளையில் அறுவை செய்து மனத்தை மாற்றலாம் என்ற எண்ணம் 1935இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸிடமிருந்து பரவியது. மூளையின் முன்பகுதியை மற்ற பகுதிகளோடு இணைக்கும் இழைகளை அவர் துண்டித்தார். 1949இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்காவில் வால்டர் ஃபிரீமன் அதைக் கண்குழி வழியாகச் சில நிமிடங்களில் செய்யும் வேலையாக்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் உணர்ச்சி மங்கி நடைப்பிணமானார்கள். 1950களில் மனநோய்க்கான மருந்துகள் வந்ததும் அது மெல்ல ஓய்ந்தது.

சென்னையில் நடந்தது இந்தக் கண்மூடித்தனமான துண்டிப்பு அன்று. அது இலக்கைக் கணக்கிட்டுச் செய்த நுண் அறுவை. அமிக்டலா என்று பதினோராம் வகுப்பு உயிரியலில் ஒரு சொல் வரும். அச்சம், சினம் ஆகியவற்றோடு தொடர்புடைய, பாதாம் பருப்பு வடிவ முடிச்சு. அடங்காத ஆவேசம், ஓயாத ஓட்டம், தன்னைத்தானே கடித்துக்கொள்ளுதல் போன்றவை உள்ளவர்களுக்கு இரண்டு பக்க அமிக்டலாவிலும் சிறு புள்ளியை அழித்தார்கள். 1960களில் தொடங்கிய இந்த வேலைக்கு டாக்டர் பாலசுப்பிரமணியம் வைத்த பெயரின் பொருள், 'அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை'. 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை, நடத்தைக் கோளாறுகளுக்காக 600க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்ததையும், மூன்றாண்டு கழித்தும் பெரும்பாலோரிடம் முன்னேற்றம் நிலைத்ததையும் பதிவு செய்கிறது. அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் சேர்ந்திருந்த பிள்ளைகள் பலர்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய பிள்ளையை வீட்டுத் தூணில் கட்டிவைத்த குடும்பங்கள் இருந்தன. கோயில்களிலும் தர்காக்களிலும் சங்கிலியில் விட்டுச் சென்றவர்களும் உண்டு. சிறப்பாசிரியர் கிடையாது, பயன்தரும் மருந்து குறைவு. அந்தப் பெற்றோர் கைகூப்பி வந்து நின்றபோது மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். செய்ததை மறைக்காமல் உலக இதழ்களில் எழுதினார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஓர் ஆசிரியையாக அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு சொல் உறுத்துகிறது: 'அமைதி'. யாருக்கு அமைதி? பிள்ளை ஓடுவதை நிறுத்தினால் வீட்டுக்கு அமைதி, தெருவுக்கு அமைதி. அந்தப் பிள்ளை கற்றதா, சிரித்ததா, எதையாவது விரும்பியதா என்பதை அளப்பது கடினம். அளவுகோலும் பெரியவர்கள் கையில்தான் இருந்தது. அந்த மாதிரிக் குழந்தையை 'அடங்க மாட்டான்' என்று முதலில் சொல்வது பெரும்பாலும் வீடும் பள்ளியும்தான். இன்று நாம் ஒரு பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரி, மருத்துவரின் மேசைவரை போகிறது. 'கவனக்குறைவு, அடங்காதவன்' என்று எழுதுவதற்குப் பதில், எந்தப் பாடவேளையில், என்ன செய்தபோது, எத்தனை நிமிடம் என்று கண்டதை மட்டும் எழுதலாம். பசியோடு வந்த நாளா, காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சேர்த்தே.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 96ஆம் பிரிவின்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு இரண்டு வேண்டும்: அறுவைக்கு உள்ளாகும் நபர் விவரம் அறிந்து கொடுக்கும் சம்மதம், மனநல வாரியத்தின் அனுமதி. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் இதை விவாதமாக வைத்துப் பாருங்கள். சம்மதம் சொல்ல முடியாதவருக்காக யார் முடிவெடுப்பது என்று பிள்ளைகள் நன்றாகவே வாதாடுகிறார்கள்.

ஓயாத எண்ணச்சுழல் நோய்க்கு, அதாவது கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது போன்றவை வாழ்க்கையையே விழுங்கிவிட்டவர்களுக்கு, எந்த மருந்தும் கேட்காதபோது ஆழ்மூளைத் தூண்டலை அமெரிக்க மருந்து ஆணையம் 2009இல் வரம்புக்குட்பட்டு அனுமதித்தது. மனச்சோர்வுக்கும் முயன்றார்கள். 2005இல் ஹெலன் மேபெர்க்கின் குழு ஆறு பேரில் நால்வருக்குத் தெளிவான முன்னேற்றம் கண்டது. பின்னர் 90 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் கருவியை இயக்கியவர்களுக்கும் இயக்காதவர்களுக்கும் போதிய வேறுபாடு தெரியவில்லை. செய்தித்தாளில் 'மூளைச் சிப் வைத்துச் சோகம் விரட்டலாம்' என்ற வகைச் செய்தியைப் பிள்ளைகள் கொண்டுவந்தால், ஆறுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.

வகுப்பில் நாம் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னும் இரண்டு நிலைகளைச் சொல்லி விடுகிறேன். ஓயாமல் கண் சிமிட்டும், தோளைக் குலுக்கும், தொண்டையைச் செருமும் பிள்ளை வேண்டுமென்றே செய்வதில்லை. அது நடுக்குப் பழக்கம் எனப்படும் நரம்பியல் நிலை. அதட்டினால் அதிகமாகும்; பெரும்பாலோருக்கு வளரிளம் பருவம் தாண்டும்போது தானே குறையும். இன்னொன்று, எழுதும்போது மட்டும் கை முறுக்கிக்கொள்வது அல்லது நடக்கும்போது பாதம் உள்நோக்கித் திரும்பிக்கொள்வது. காலையில் நன்றாக நடந்து மாலையில் திருகும் பாதத்தைப் பார்த்தால் 'நடிக்கிறாள்' என்று சொல்லத் தோன்றும். இவற்றுள் ஒரு வகை, சிறிதளவு எல்-டோபா கொடுத்தாலே வியக்கத்தக்க அளவில் சரியாகிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத தசைமுறுக்கு நோய்க்கு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் தூண்டல் அறுவை உண்டு. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பும் அளவுக்குக் கவனிக்கக் கூடியவர் நாள்தோறும் ஆறு மணி நேரம் பார்க்கும் நாம்தான்.

வலி பற்றிச் சுருக்கமாக

முழங்காலில் அடிபட்டால் தேய்த்து விடுகிறோம், வலி குறைகிறது. ஏன்? தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரு கதவை மூடி, வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று 1965இல் மெல்சாக், வால் இருவரும் விளக்கினர். இரண்டே ஆண்டில் நார்மன் ஷீலி தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்து அந்தக் கதவை மூட முயன்றார். முதுகிலும் காலிலும் தீராத நரம்பு வலி உள்ளவர்கள் சிலருக்கு இன்றும் இம்முறை பயன்படுகிறது. ரோமானிய மருத்துவர் ஒருவர் முதல் நூற்றாண்டிலேயே தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை நெற்றியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்! வீராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பு கலகலப்பாகும்.

அறுவையே இல்லாத ஒரு வழியைத் தமிழர் ஒருவர் காட்டினார். வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், அதன் விரல்கள் உள்ளங்கையில் குத்துவதாகவும் வலிக்கும் நிலை உண்டு. வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். நோயாளி நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதாகக் கண் சொல்கிறது; சிலருக்கு இறுக்கமும் வலியும் தளர்ந்தன.

இதை வகுப்பில் செய்து பார்க்க ஓர் அடி உயரக் கண்ணாடி போதும். விளிம்பில் காயம் படாமல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மேசை நடுவில் அதை நிறுத்தி, மாணவர் இடக்கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, வலக்கையை முன்னால் வைத்து பிம்பத்தையே பார்க்க வேண்டும். இரண்டு கையையும் ஒரே மாதிரி ஒரு நிமிடம் அசைக்கட்டும். பிறகு வலக்கை மட்டும் அசையட்டும், இடக்கை ஓய்ந்திருக்கட்டும். இடக்கையில் என்ன உணர்ந்தார்கள் என்று ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் தாளில் எழுத வேண்டும். பேசிவிட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். என் வகுப்பில் 34 பேர் செய்தார்கள். ஒன்பது பேர் எதுவும் தோன்றவில்லை என்று எழுதினார்கள். அந்தத் தாள்களையும் மற்றவற்றோடு சேர்த்தே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.